களை என்று கொன்ற செடிகள்: ஒரு பின்கட்டுத் தோட்டமும் 18 மாதப் படங்களும்

எங்கள் ஊர்ப் பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கும். சாலையோர ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைக் கேட்டால் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். கோலசிலாங்கூர் மாவட்டத்தில், ஆற்றோரம், நாலாபக்கமும் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். மலேசியாவில் செம்பனையை வணிகத்துக்காக முதன்முதலில் நட்டது 1917-இல், இந்த வட்டாரத்துத் தெனமாரம் தோட்டத்தில்தான். நட்டவர் ஹென்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். நூறு வருடத்துக்கும் மேலாக ஒரே மரம் வரிசை வரிசையாக நிற்கும் ஊர் இது. இங்கே காட்டுச்செடிகளையும் அவற்றை நம்பி வாழும் உயிர்களையும் படம் எடுக்கிறேன் என்று சொன்னால், "இங்க என்ன இருக்கு எடுக்க?" என்றுதான் கேட்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் 20 அடி அகலம், 60 அடி நீளத்தில் ஒரு நிலம் இருக்கிறது. அதன் எல்லையில் ஒரு கால்வாய், அதைத் தாண்டினால் செம்பனை. நிலத்தில் ஏற்கெனவே இருந்தவை ஒரு மாமரம், அம்மாவின் கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை, நிறைய புல். இதை உயிர்கள் தங்கி வாழும் தோட்டமாக மாற்ற வேண்டும், அங்கேயே அவற்றைப் படம் எடுக்க வேண்டும் என்று தொடங்கி 18 மாதம் ஆகிறது. அதில் முதல் ஆறு மாதம் கிட்டத்தட்ட வீண். ஏன் வீணானது, பிறகு எது மாறியது என்பதை என் படங்களை வைத்தே எழுதுகிறேன்.

முதல் ஆறு மாதம்

நர்சரிக்குப் போய்ப் பூ நிறைய பூக்கும் செடிகளாகப் பார்த்து வாங்கி வந்தேன். சிவப்பு பெந்தாஸ், உண்ணிச்செடி, மஞ்சள் டர்னேரா, வேலியில் ஏற்ற கொடிரோஜா (ரோஜா இல்லை, ஆன்டிகோனான் என்ற கொடி). இரண்டே மாதத்தில் பின்கட்டு பூவாய் நிறைந்தது. வண்ணத்துப்பூச்சிகள் வந்தன, தேன்சிட்டு வந்தது. என்னிடம் இருந்தது ஒரு பழைய கேமராவும் 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸும். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் எடுத்தேன்.

ஆறு மாதத்தில் கணினியில் 4,000 படத்துக்கு மேல் சேர்ந்தது. ஒரு மழைநாள் அவற்றை உட்கார்ந்து பார்த்தபோது ஏதோ உறுத்தியது. எல்லாம் அழகாக இருந்தன, எல்லாம் ஒரே படமாகவும் இருந்தன. பூவின் மேல் சிறகு விரித்த ஒரு பூச்சி, பின்னால் மங்கலான பச்சை. எந்த ஊரில் எடுத்தது என்று அந்தப் படத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

அப்புறம்தான் படங்களை வேறுவிதமாகப் பிரித்தேன். எந்த உயிர் என்பதை விட்டுவிட்டு, எந்தச் செடியின் எந்தப் பகுதி என்று பார்த்தேன். பூவில் இருப்பவை ஒரு கோப்பில், இலையில் இருப்பவை இன்னொன்றில், தண்டிலும் காயிலும் இருப்பவை மூன்றாவதில். இலைக் கோப்பில் தேறியது 11 படம். அந்த 11-இல் ஒன்பது அம்மாவின் கறிவேப்பிலையில் எடுத்தவை. நான் காசு கொடுத்து வாங்கிய செடிகளின் இலையில் ஒரு முட்டை இல்லை, ஒரு புழு இல்லை, ஒரு கூடு இல்லை.

என் தோட்டம் ஓர் ஒட்டுக்கடையாகத்தான் இருந்திருக்கிறது. வருகிறவர்கள் ஒரு வாய் தேன் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். குடியிருக்க வேறெங்கோ போகிறார்கள். வண்ணத்துப்பூச்சி தேனைப் பலவகைப் பூவிலும் குடிக்கும். ஆனால் அதன் புழு கண்ட இலையைத் தின்னாது. ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு சில செடிகள்தான் ஆகும், அந்தச் செடி இல்லாத இடத்தில் அது குடும்பம் நடத்தாது. பெந்தாஸ் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, உண்ணியும் டர்னேராவும் கொடிரோஜாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. இந்த மண்ணின் புழுக்கள் அவற்றைத் தின்னப் பழகியவை அல்ல.

தோட்ட நிர்வாகங்களும் செம்பனை வரிசையோரம் டர்னேராவும் கொடிரோஜாவும் நடுகின்றன என்பதை இங்கே சொல்ல வேண்டும். அதைப் பார்த்துத்தான் நானும் நட்டேன். ஆனால் அவர்கள் நடும் காரணம் வேறு. செம்பனை ஓலையைத் தின்னும் பைப்புழுவை அழிக்கும் குளவிகளுக்குத் தேன் கிடைக்கட்டும் என்று நடுகிறார்கள். குளவியின் பிள்ளைகளுக்கு உணவு அந்தப் பைப்புழு, அது பக்கத்திலேயே செம்பனையில் இருக்கிறது. அங்கே சாப்பாடு தயாராக இருப்பதால் தேன் மட்டும் கொடுத்தால் போதும். என் பின்கட்டில் சாப்பாடே இல்லை.

பெரியம்மா காட்டிய கால்வாய்க்கரை

அம்மாவின் அக்கா எங்களோடுதான் இருக்கிறார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே தோட்டத்தில் வேலை. கடைசி இருபது வருடம் மருந்து அடிக்கும் வேலை. முதுகில் தொட்டியைச் சுமந்துகொண்டு செம்பனை வரிசைக்குள் நடந்து களைக்கொல்லி தெளிப்பது. இந்த நாட்டில் அந்த வேலையைப் பெரும்பாலும் நம் பெண்கள்தான் செய்தார்கள். பாராகுவாட் மருந்தால் அவர் விரல்நகங்கள் கறுத்துக் கழன்றதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அந்த மருந்துக்கு மலேசியா தடை போட்டது 2020 ஜனவரி 1-இல். அதற்குள் பெரியம்மா ஓய்வுபெற்றுச் சில வருடங்கள் ஆகியிருந்தன.

என் இலைக் கோப்பைப் பற்றி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த ஊரிலேயே தானாக முளைக்கும் செடி வேண்டும், எங்கே தேடுவது என்று தெரியவில்லை என்றேன். அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, "வா தம்பி" என்று கால்வாய்க்கரைக்கு அழைத்துப் போனார்.

அரை மணி நேரத்தில் 14 செடி காட்டினார். செண்டுடுக், சிம்போ ஆயர், மாஹாங் என்று மலாய்ப் பெயரும் தோட்டத்துத் தமிழ்ப் பெயரும் கலந்து சொல்லிக்கொண்டே போனார். எது எவ்வளவு சீக்கிரம் முளைக்கும், எது வெட்டினாலும் அடியிலிருந்து தழைக்கும், எந்தச் செடியில் எறும்பு கடிக்கும், எதன் பூவில் கருவண்டு இரையும் என்று எல்லாம் தெரிந்திருந்தது.

"எப்படிப் பெரியம்மா இவ்வளவு தெரியும்?"

"இதையெல்லாம் கொல்லத்தானே என்னை வேலைக்கு வச்சிருந்தாங்க. தெரியாம எப்படி அடிக்கிறது?"

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. ஒரு கைவேலைக்காரர் தன் பொருளைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது. எந்தச் செடியை நடலாம் என்று நான் மாதக்கணக்காகத் தேடிய விவரம் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

தோட்டத்து எல்லைக்குள் எதையும் பிடுங்கவில்லை. கால்வாய்க்கரையில் விழுந்திருந்த விதைகளையும், வெட்டுக்குச்சிகளையும், ஏற்கெனவே வேர்விட்டுக் கரையில் சரிந்து கிடந்த நாற்றுகளையும் மட்டும் எடுத்தோம். உண்ணிச்செடியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் செண்டுடுக் வைத்தோம். பெந்தாஸ் ஓரமாக இருக்கட்டும் என்று விட்டேன். கடையையும் மூட வேண்டியதில்லையே.

செண்டுடுக்

இந்த ஒரு செடியைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது.

பாழ்நிலத்தில், சாலையோரத்தில், பால்மரக் காட்டின் விளிம்பில் எங்கும் முளைக்கும் புதர். இலையில் நீளவாக்கில் நரம்புகள் தெளிவாக ஓடும், தடவினால் சொரசொரப்பு. பூ நல்ல ஊதா, ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் வாழ்க்கை. பழம் வெடித்தால் உள்ளே கருஞ்சிவப்புச் சதை. தின்றால் நாக்கும் உதடும் கறுத்துவிடும். தாவரவியலார் இந்தப் பேரினத்துக்கு வைத்த மெலஸ்டோமா என்ற கிரேக்கப் பெயருக்கே கறுத்த வாய் என்றுதான் பொருள். லயத்துப் பிள்ளைகள் வாயைக் கறுக்க வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போய் அடிவாங்கிய கதையைப் பெரியம்மா சொன்னார்.

பூவுக்குள் பார்த்தால் இரண்டு வகை மகரந்தத் தண்டுகள் இருக்கும். ஐந்து மஞ்சளாக, குட்டையாக, பளிச்சென்று. இன்னும் ஐந்து நீளமாக, வளைந்து, இதழின் நிறத்திலேயே. இரண்டிலும் மகரந்தம் நுனியில் ஒரு சின்ன ஓட்டை மட்டுமுள்ள பைக்குள் அடைபட்டிருக்கும், உப்புக்குப்பியில் உப்பு இருப்பதுபோல. குலுக்கினால்தான் கொட்டும். கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத்தேனீ வந்து பூவைக் கட்டிப் பிடித்து, இறக்கையை மடக்கிக்கொண்டு, நெஞ்சுத் தசையை மட்டும் அதிரவைக்கும். மகரந்தம் புகைபோலக் கொட்டும். பறக்கும்போது எழும் இரைச்சல் வேறு, பூவைப் பிடித்தவுடன் எழும் சத்தம் வேறு. இரண்டாவது சற்று உச்ச ஸ்தாயியில் "ஸீஸ்" என்று இருக்கும். வண்டின் கண் மஞ்சளில் இருக்கும்போது, நீண்ட ஊதாத் தண்டுகள் சந்தடியில்லாமல் அதன் உடம்பில் மகரந்தத்தைப் பூசி அனுப்பிவிடும். சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை வராது. கெலுலுட் என்கிற கொடுக்கில்லாத் தேனீ பின்னால் வந்து, இதழில் சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போகும்.

இதைப் படமாக்க எனக்கு ஐந்து வாரம் ஆனது. வண்டு ஒரு பூவில் நிற்பது இரண்டு மூன்று விநாடி. துரத்திப் போனால் முதுகுதான் கிடைக்கும். அதனால் துரத்துவதை விட்டேன். விடிந்து ஒரு மணி நேரத்தில், அதாவது எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்பின்னாக, அன்று மலர்ந்த பூக்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பேன். பின்னால் கால்வாயின் நிழல் விழும்படியும், வெயில் எதிர்ப்பக்கத்திலிருந்து சாய்வாக வரும்படியும் உட்காருவேன். ஃபோக்கஸை முன்கூட்டியே மஞ்சள் தண்டுகளில் வைத்து, கையால் பூட்டிவிட்டுக் காத்திருப்பேன்.

இறக்கை மடங்கியிருப்பதால் இந்த இடத்தில் மிக வேகமான ஷட்டர் தேவையில்லை. நொடியில் 250-இல் ஒரு பங்கே போதும். தேவைப்படுவது பின்வெளிச்சம். முன்னாலிருந்து வெயில் விழுந்தாலோ ஃப்ளாஷ் அடித்தாலோ மகரந்தம் கண்ணுக்கே தெரியாது. நிழலான பின்புலத்தில் பின்வெளிச்சம் பட்டால் ஒவ்வொரு துகளும் மின்னும். ஊதா நிறம் என் கேமராவில் அடிக்கடி நீலமாகத் திரும்பிவிடும். அதனால் அன்றன்று உதிர்ந்த ஓர் இதழைக் கணினி மேசைக்கு எடுத்து வந்து, அதைப் பார்த்துத்தான் நிறத்தைச் சரிசெய்வேன்.

ஆழப்புலம், அதாவது படத்தில் தெளிவாக விழும் ஆழம், பற்றியும் சொல்லிவிட வேண்டும், புதிதாக மேக்ரோ எடுக்கும் தம்பி தங்கைகள் இதில்தான் மனம் உடைகிறார்கள். பூச்சியை அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் பதியவைக்கும் நெருக்கத்தில், லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி எஃப் 11 வைத்தாலும் தெளிவாக விழுவது ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். ஆகவே எந்த ஒரு மில்லிமீட்டர் வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். சிறகு மடக்கிய வண்ணத்துப்பூச்சி என்றால் சிறகுக்கு நேர் இணையாகக் கேமராவைப் பிடித்தால் முழுச் சிறகும் அந்த மில்லிமீட்டருக்குள் வந்துவிடும். கருவண்டு என்றால் கண்ணும் மஞ்சள் தண்டும் ஒரே தளத்தில் வரும் கோணம் வேண்டும். நெருங்கிப் போவதைவிட ஒரு சாண் பின்னால் வந்து, இலையையும் மொட்டையும் சேர்த்து எடுப்பது பல சமயம் மேல். செடி எது என்று தெரியாத படத்தை நான் இப்போது பாதிப் படமாகத்தான் எண்ணுகிறேன்.

மாமரத்துப் புல்லுருவி

மாமரத்தில் நாலு இடத்தில் புல்லுருவி பிடித்திருந்தது. அதை வெட்ட வேண்டும் என்று அம்மா வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்வது தப்பில்லை. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும், கிளை காய்ப்பது குறையும்.

ஆனால் என் தண்டு-காய் கோப்பில் புல்லுருவி திரும்பத் திரும்ப வந்தது. கட்டைவிரல் அளவுள்ள ஒரு குருவி, ஆண் என்றால் உச்சந்தலை முதல் வால் தொடக்கம் வரை ரத்தச் சிவப்பு, செம்முதுகுப் பூங்கொத்தி. அது புல்லுருவிப் பழத்தை விழுங்கும். விதை பசைபோல ஒட்டிக்கொண்டே வெளியே வரும். குருவி தன் பின்புறத்தைக் கிளையில் தேய்த்துத் துடைக்கும், அந்த இடத்தில் அடுத்த புல்லுருவி முளைக்கும். அதே புல்லுருவி இலையில் பெயின்டட் ஜெசபெல் வண்ணத்துப்பூச்சி கூட்டமாக முட்டையிடும். மஞ்சளும் சிவப்பும் கறுப்புக் கோடுகளுமாக அடிச்சிறகு பார்க்கப் பட்டுப்புடவைக் கரைபோல் இருக்கும். தெருவில் பறப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதன் வீடு எங்கள் மாமரத்தில் இருந்தது தெரியாது.

அம்மாவிடம் படங்களைக் காட்டினேன். முட்டை, புழுக்கூட்டம், குருவி தேய்க்கும் படம் என்று வரிசையாக. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சரி, காய்க்கிற பக்கத்துல இருக்கிறதை மட்டும் வெட்டு. கால்வாய்ப் பக்கம் இருக்கிறது இருக்கட்டும்" என்றார். இரண்டை வெட்டினோம், இரண்டு இருக்கின்றன. என் வாதத்தைக் கேட்டு அவர் மாறவில்லை, படத்தைப் பார்த்து மாறினார். அதனால்தான் படம் எடுப்பதை இந்தத் தோட்டத்தின் வேலைகளில் ஒன்றாகவே எண்ணுகிறேன்.

கறிவேப்பிலையும் புகையும்

கறிவேப்பிலை இந்த மண்ணின் செடி இல்லை. நம் ஆட்களோடு கப்பலேறி வந்தது. ஆனால் எலுமிச்சைக் குடும்பம் என்பதால் இங்குள்ள எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சிகள் அதை ஏற்றுக்கொண்டன. முதலில் புழு பறவை எச்சம்போல் இருக்கும், கடைசித் தோலுரிப்புக்குப் பின்புதான் பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோல ஒரு கொம்பை நீட்டும், கடும் வாடை வரும். படத்துக்காக அதைத் தொந்தரவு செய்து கொம்பை நீட்ட வைப்பவர்கள் உண்டு. நான் செய்வதில்லை. ஒரு நாள் எறும்பு ஒன்று மேலே ஏறியபோது அதுவாகவே நீட்டியது, அது கிடைத்தது.

இங்கே என் பழைய கோப்பில் ஒரு பெரிய பிழையைக் கண்டுபிடித்தேன். முதல் ஆறு மாதத்தில் "ரோஜா அழகி" என்ற வண்ணத்துப்பூச்சியின் பெயரிட்டு ஏழு படம் வைத்திருந்தேன். பின்சிறகில் வெள்ளையும் சிவப்பும் இருந்ததால் அப்படி எழுதினேன். திரும்பிப் பார்த்தால், உடம்பு தெளிவாகத் தெரிந்த நாலிலும் அது கறுப்பு. ரோஜா அழகிக்கு உடம்பு சிவப்பு. அதன் உடலில் நஞ்சு உண்டு, பறவைகள் தின்னாது. கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு வகை அந்த வேடத்தைப் போட்டுக்கொண்டு தப்பிக்கும். பறவையை ஏமாற்றிய வேடம் என்னையும் ஏமாற்றியிருக்கிறது. சிறகை மட்டும் கூர்மையாக எடுத்து உடம்பை மங்கவிட்ட மற்ற மூன்று படங்களில் இப்போதும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து உடம்பும் தெளிவாகத் தெரியும் ஒரு படமாவது எடுக்காமல் நகர்வதில்லை.

உண்மையான ரோஜா அழகி வர வேண்டும் என்றால் ஈசுவரமூலிக் குடும்பத்துக் கொடி வேண்டும். பெரிய பூ பூக்கும் அயல்நாட்டுக் கொடி ஒன்றைக் கடையில் பார்த்து வாங்கப் போனேன். கோலசிலாங்கூரில் இருக்கும், பறவை பார்க்கும் அண்ணன் ஒருவர் தடுத்தார். ஆஸ்திரேலியாவில் இதே குடும்பத்து அயல்கொடி ஒன்றில் ரிச்மண்ட் பேர்ட்விங் என்ற வண்ணத்துப்பூச்சி முட்டையிட்டு, பொரிந்த புழுக்கள் அந்த இலையைத் தின்று செத்துப்போவதைச் சொன்னார். தாய்க்கு வாசனையில் வித்தியாசம் தெரிவதில்லை. அண்ணன் தன் வீட்டிலிருந்து அதே குடும்பத்து உள்நாட்டுக் கொடியான அரிஸ்டோலோகியாவின் விதை கொடுத்தார். ஒன்பதாவது மாதம் முதல் ரோஜா அழகி வந்தது, சிவப்பு உடம்போடு. பொன்மஞ்சள் பின்சிறகுள்ள பெரிய பேர்ட்விங் ஒரு தடவை கொடியைச் சுற்றிவிட்டுப் போனது. இன்னும் முட்டையிடவில்லை.

பதினோராவது மாதம் எங்கள் வரிசையில் ஒரு பிள்ளைக்கு டெங்கி. மறுநாள் மாலை புகையடிக்க வருவதாக அறிவிப்பு வந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமும் இல்லை, நியாயமும் இல்லை. ஏடிஸ் கொசு ஆளைக் கொல்லும். ஆனால் அந்தப் புகைக்குக் கொசு எது, தேனீ எது என்று தெரியாது. பெரியம்மாவும் நானும் தொட்டியில் இருந்த கறிவேப்பிலைகளையும் அரிஸ்டோலோகியாவையும் புழுக்களோடு சமையலறைக்குள் தூக்கி வந்தோம். கதவிடுக்கில் ஈரத்துணி வைத்தார் பெரியம்மா. மருந்து எப்படி உள்ளே வரும் என்று அவருக்குத் தெரியாததா?

அதற்குப் பின் இரண்டு வாரம் தோட்டம் கிட்டத்தட்ட ஊமையாக இருந்தது. தினமும் அதே இடங்களைப் படம் எடுத்தேன், வெறும் இலை, வெறும் பூ. கருவண்டு மூன்றாம் நாள் வந்தது. மற்றவை மெல்ல மெல்ல. அந்த வெறும் படங்களை அழிக்கவில்லை. எங்கள் நிலத்தில் தண்ணீர் தேங்கும் இடம் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று அதன்பின் வாரம் ஒரு முறை சட்டியும் தட்டும் கவிழ்த்துப் பார்க்கிறோம். சின்னத் தொட்டிக்குளத்தில் செப்பாட் மீன் விட்டிருக்கிறோம், கொசுப்புழுவை மிச்சம் வைக்காது. இப்படித் தோட்டம் வைக்கிறவர்களுக்கு இது முதல் கடமை என்று நினைக்கிறேன்.

நான் கெடுத்த கூடு

இதை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். விடக் கூடாது.

பதின்மூன்றாவது மாதம் சிம்போ ஆயர் புதரில் தையல்சிட்டு கூடு கட்டியது. அகலமான இரண்டு இலைகளைச் சிலந்தி நூலாலும் பஞ்சாலும் தைத்து, அதற்குள் மூன்று முட்டை. நல்ல மறைவு. அந்த மறைவுதான் எனக்கு இடைஞ்சலாக இருந்தது. மேலே மூடியிருந்த ஓர் இலையை நூலால் ஒரு பக்கம் இழுத்துக் கட்டினேன். அரை மணி நேரம்தான், வெளிச்சம் விழட்டும் என்று. எடுத்து முடித்து நூலை அவிழ்த்தேன், இலை பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்பவில்லை.

மறுநாள் காலை கூடு கிழிந்து கிடந்தது. முட்டை இல்லை. எது எடுத்தது என்று நான் பார்க்கவில்லை, ஆனால் அதற்கு வழி திறந்துவிட்டது நான். தாய்க்குருவி அந்தப் புதரைச் சுற்றி இரண்டு நாள் கத்திக்கொண்டிருந்தது. அந்தப் படங்கள் என்னிடம் இருக்கின்றன. நான் எடுத்ததிலேயே வெளிச்சம் நன்றாக அமைந்தவை. யாருக்கும் காட்டியதில்லை.

இப்போது கூடு இருக்கும் செடிக்குப் பத்தடிக்குள் போவதில்லை. 300 மில்லிமீட்டர் லென்ஸில் சமையலறை ஜன்னலிலிருந்து எடுக்கிறேன். கிளையை, இலையை, புல்லைக்கூட நகர்த்துவதில்லை. கூட்டுப் படம் கிடைத்தாலும் குஞ்சுகள் பறந்துபோகும் வரை வெளியே போடுவதில்லை. ஒலிப்பதிவைப் போட்டுக் குருவியை வரவழைப்பதில்லை. இரவில் ஃப்ளாஷ் இல்லை. கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரத்து மின்மினிகளைப் பார்க்கப் படகில் போகிறவர்களிடம் ஃப்ளாஷ் அடிக்காதீர்கள் என்று சொல்கிறார்களே, அதே ஒழுங்கு பின்கட்டுக்கும் உண்டு.

இப்போதைய கணக்கு

18 மாத முடிவில் இலைக் கோப்பில் 640 படம். அதில் முட்டை முதல் சிறகு விரிப்பது வரை முழுமையாகப் பதிவான வண்ணத்துப்பூச்சி இனங்கள் ஆறு. எருக்கில் வெந்தய வரியன் அதில் ஒன்று, அந்த எருக்கு கோயிலில் பிள்ளையாருக்கு மாலை கட்ட வளர்ப்பதிலிருந்து கொண்டுவந்த குச்சி. செண்டுடுக் பழத்துக்கு மெர்பா என்கிற கொண்டைக்குருவி தினமும் வருகிறது. செப்டம்பரில் வடக்கேயிருந்து பழுப்புக் கீச்சான் வந்து வேலிக்கம்பில் உட்கார்ந்தது, ஏப்ரல் வரை இருந்தது. என் வண்ணத்துப்பூச்சிகளில் சிலவற்றை அது தின்றதையும் படம் எடுத்தேன். முதலில் மனம் கசந்தது. சாப்பாடு இருக்கிற இடம் என்று அது கண்டுகொண்டதில் அப்புறம் ஒரு நிறைவும் வந்தது.

ஒவ்வொரு படத்தோடும் தேதி, நேரம், செடி, இலையின் மேற்புறமா அடிப்புறமா என்று எழுதி வைக்கிறேன். பெரியம்மா சொல்லும் பெயரையும் ஒரு பத்தியில் எழுதுகிறேன். ஒரே செடிக்கு ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு பெயர் இருந்திருக்கிறது. அவர் தலைமுறையோடு அது போய்விடும் என்ற பயம் எனக்கு உண்டு.

எடுக்காமல் நின்றது சிம்போ ஆயர் பூ. பெரிய மஞ்சள் பூ, விடிவதற்கு முன்பே இருட்டில் மலர்ந்துவிடும், அன்று மாலைக்குள் இதழ் உதிர்ந்துவிடும். ஏறத்தாழ ஐந்து வாரத்தில் காய் நட்சத்திரம்போல் வெடித்து, சிவப்பு விதைகளைக் காட்டும். விரிந்த பூவும் வெடித்த காயும் எடுத்துவிட்டேன், விரியும் பூ மட்டும் இல்லை. போன மாதம் ஒரு நாள் அதிகாலை மூன்றரைக்கு டிரைபாடோடு போய் உட்கார்ந்தேன். முந்தின நாள் மாலை உப்பியிருந்த மொட்டு ஒன்றைக் குறித்து வைத்திருந்தேன். சின்ன விளக்கு ஒன்று, மேலே வெள்ளைத்துணி சுற்றி, பூவுக்குப் பக்கவாட்டில்.

நாலு மணிக்குப் பின்கதவு திறந்தது. பெரியம்மா. நாலு மணிக்குத் தோட்டத்தில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு எழுந்த பழக்கம், ஓய்வுபெற்றும் போகவில்லை. கையில் இரண்டு குவளை வரக்காப்பி. நான் எதுவும் சொல்லும் முன்பே பலகையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்த நேரத்துக்குத்தான் நாங்க லாரி ஏறுவோம். வழியெல்லாம் இது மஞ்சளா நிக்கும். இருட்டுல எப்பப் பூத்துச்சுன்னு ஒரு நாளும் பார்த்ததில்ல."

மொட்டின் நுனியில் ஒரு கோடு விட்டது. நான் ஷட்டரை அழுத்தினேன். அவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் குனிந்தார்.